காட்டூர்ப் பானைகள்

அன்றைக்குப் பசியாவரத்தில் தேசப்பன் வீட்டு வாசலில் மூன்று பேர் இருந்தார்கள். கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் முதுகில், நிழல் விழுந்த பக்கமாக, கோட்டைக் கரையிலிருந்து வந்திருந்த ஓலைக்காரர் துளசிங்கம். அவருக்கு எதிரே மணலில் குத்துக்காலிட்டுத் தேசப்பன். கதவோரத்தில், வாய் தைத்து அரக்கு வைத்த அரிசி மூட்டையின் மேல், அவன் மனைவி முனியம்மா. மகள் அம்மணி நண்டு பொறுக்க ஏரிக்குள் போயிருந்தாள். முனியம்மாவின் தம்பி நாகப்பன், துளசிங்கத்தைக் கரையில் இறக்கிவிட்டு, காட்டூர்ப் பக்கம் யாரையோ ஏற்றிவரத் தோணியோடு போயிருந்தான்.

"அரிசி மேல குந்தாதேன்னு எத்தினி வாட்டி சொல்றது? லட்சுமிடி அது" என்றான் தேசப்பன்.

"இது லட்சுமி இல்ல. இது நீ. உன்னத்தான் தைச்சி, அரக்கு வச்சி, வூட்டாண்ட போட்டுட்டுப் போயிருக்கான். குந்தினா இன்னா, வலிக்குதா?"

துளசிங்கம் தலையைக் குனிந்து எழுத்தாணியின் முனையைத் துடைத்துக்கொண்டார். மூட்டைகளின் மேல் பெண்டாட்டிகள் உட்கார்ந்துகொள்வதை இந்தப் புரட்டாசியில் அவர் பார்ப்பது இது முதல் தடவையல்ல. ஆனால் மற்ற வீடுகளில் மூட்டையின் தையல் பிரிந்திருந்தது.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள முகத்துவாரம் மண் மேவி அடைத்துக்கொண்டு இது இரண்டாவது வருஷம். கடல் தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் இறால் குஞ்சு வரும், மடவை வரும். மழையும் ஏமாற்றிவிட்டதால் ஆற்றுத் தண்ணீரும் இல்லை; வெட்டித் திறந்த வாயும் மறுபடி மண் மூடிக்கொண்டது. ஏரி கரையைவிட்டு உள்வாங்கிப்போய், விட்ட இடமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. வலை கட்டும் இடங்களை ஊரார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். தேசப்பனுக்கு இந்த வருஷம் விழுந்தது நல்ல பாடு, முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமான இடம். சீட்டு விழுந்த அன்று நாலு பேர் பொறாமைப்பட்டார்கள். அந்த இடத்தில் இப்போது நாய் நடந்து போயிற்று.

துணி ஏற்ற வரும் கப்பல்களும் குறைந்துவிட்டன. அதனால் கப்பலுக்குக் கருவாடு வாங்குகிறவர்களும் இல்லை. இந்தச் சமயம் பார்த்துத்தான் ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். கடல் தாண்டி, ஒல்லாந்தரின் தீவுப் பட்டணமான பத்தாவிக்குப் போகச் சம்மதிக்கிற ஆம்பிளையின் வீட்டில் ஒரு மூட்டை அரிசி இறங்கும். அரக்கை உடைத்து அரிசியை எடுத்தால் ஆள் கப்பலுக்குச் சொந்தம், ஐந்து வருஷம். கப்பல் கிளம்புமுன் அரக்கு உடையாமல் மூட்டை திரும்பி வந்தால் பேச்சு ரத்து. வாடைக்காற்று எழும்புமுன் நங்கூரம் எடுத்தாக வேண்டும் என்பதால், அன்று பொழுது சாய்வதற்குள் தேசப்பனிடம் ஓலையில் கைநாட்டு வாங்கிவரத் துளசிங்கத்தை அனுப்பியிருந்தார் தரகர்.

மூட்டை வந்தது அமாவாசையன்று. அன்றிலிருந்து முனியம்மா அதைத் தொடவில்லை. கீரையும் நண்டும் சேற்றில் அகப்படும் பொடி மீனுமாகத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"தொறந்து ஒல வச்சிருந்தா புள்ள ரவ தெம்பா இருக்கும்" என்றான் தேசப்பன், துளசிங்கத்தைப் பார்த்து. "நீங்களே சொல்லுங்க ஓலைக்காரரே. எப்டியும் நான் போவத்தான் போறேன். தின்னுட்டுப் போனா இன்னா, தின்னாம போனா இன்னா?"

"எழுதறதுக்குத்தான்பா எனக்குக் கூலி. சொல்றதுக்கு இல்ல."

"போவாம இங்க இன்னா பண்ணுவ?" என்று முனியம்மாவே கேட்டுக்கொண்டாள், அவன் கேட்கப்போவதை முந்திக்கொண்டு. "அதானே கேக்கப் போற? எல்லாரும் பண்றதத்தான் பண்ணு. மழ வரட்டும், மொகத்துவாரம் தொறக்கட்டும்."

"அது வரிக்கும்?"

அவள் மூட்டையின் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தாள்.

"காட்டூர்க்காரங்களும் நிறுத்திட்டாங்க" என்றான் தேசப்பன். "ஆடியோட நின்னுபோச்சு. எவன் எத்தினி நாளு போடுவான்? நம்ம நைனா காலத்துலேருந்து அந்த வூட்டாண்ட கொண்டும் கொடுத்தும் இருந்தோம். இப்ப கொண்டுதான் இருக்கோம், கொடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மூஞ்சி இல்லடி. பத்தாவிலயாச்சும் என் மூஞ்சியத் தெரிஞ்சவன் யாரும் இருக்க மாட்டான்."

காட்டூரில் கண்ணப்பன் வீடு நெல் விளைகிற வீடு. அறுப்புக் காலத்தில் அங்கிருந்து தானியம் பானையில் வரும். அதே பானை கருவாட்டோடு திரும்பிப் போகும். போன வருஷம் இங்கே மீன் இல்லாமல் போனது தெரிந்ததும், கண்ணப்பன் மனைவி தெய்வநாயகி நாகப்பனின் தோணியில் கேழ்வரகு அனுப்பத் தொடங்கினாள். அங்கேயும் நெல் இல்லை. கிணற்றடியில் போட்ட கேழ்வரகுதான். ஒரு பானை வரும், கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று வரும். ஆடி மாதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"சரி, எழுதுங்க" என்றான் தேசப்பன்.

துளசிங்கம் ஓலையைத் தொடையில் வைத்தார். முனியம்மா மூட்டையின் தையலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், யாரோ பிடுங்க வருவதுபோல.

அப்போதுதான் தண்ணீர்ப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

"மாமோவ்! ஆள் வருது! ரவ உஷாரா இரு!"

நாகப்பன் தோணி வெகு தூரத்திலேயே தரைதட்டி நின்றிருந்தது. முழங்கால் சேற்றில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுவயதுப் பெண்ணொருத்தி நடந்து வந்தாள். கனத்த உடம்பு. இடுப்பில் ஏதோ துணி முடிச்சு. பின்னால் நாகப்பன் பத்தடி தள்ளியே வந்தான்.

"தெய்வநாயகி அக்காவா?" என்று எழுந்தாள் முனியம்மா. மூட்டை வெளியே தெரிந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

நாகப்பன் முந்தி ஓடிவந்து அக்காவின் காதில் சொன்னான்: "வழியெல்லாம் திட்டிக்கினே வருதுக்கா. நான் வாயே தொறக்கல."

தெய்வநாயகி வாசலுக்கு வந்து மூச்சு வாங்கினாள். "முனிம்மா, நல்லா கீறியா? புள்ள சௌக்கியமா? தேசப்பா, நீ நல்லா கீறியா? சந்தோசம். என் பானைங்களக் குடுத்துடுங்க, நான் போறேன்."

"அக்கா, மொதல்ல குந்துக்கா. சேத்துல நடந்து வந்திருக்க."

"குந்தறதுக்கு வரல. ஒறவு வாணாம்னா வாணாம்னு சொல்லி அனுப்பறதுதானே? பானைய வச்சிக்கினா இன்னா அர்த்தம்? நாங்க குடுத்தது கேவுரு. பானையையுமா குடுத்தோம்?"

தேசப்பன் எழுந்து நின்றான். முகம் கறுத்துவிட்டது. "அண்ணி, ஒங்க பானை பத்திரமாத்தான் கீது. ஒண்ணு கூட ஒடையல."

"எங்க கீது?"

"பின்னால."

யாரும் அழைத்துப்போகக் காத்திராமல் அவளே வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். முனியம்மா மூட்டையை விட்டு எழ வேண்டியதாயிற்று. "டேய் நாகப்பா, இங்க குந்துடா. எழுந்தா கால ஒடிச்சிடுவேன்" என்று தம்பியை அதன் மேல் உட்காரவைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால் கூரை தாழ்ந்த இடத்தில், பனையோலைப் பாயின் மேல் பானைகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்தவை. ஒன்றின் மேலும் கரி இல்லை, தூசி இல்லை. தெய்வநாயகி ஒன்றை நிமிர்த்தி உள்ளே மோந்து பார்த்தாள்.

"இதுல தண்ணி கூட மோக்கலியா நீ?"

"மோக்கறதா? ஒன் பானைலயா?" முனியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "வாராவாரம் தேச்சி வக்கிறேன்கா. வெறும் பானைய எப்டி திருப்பறது? ஒரு பிடி கருவாடாச்சும் போட்டு அனுப்பலாம்னு பாத்தேன். இந்த வாரம் மாட்டும், அடுத்த வாரம் மாட்டும்னு... ஒண்ணுமே மாட்டலக்கா."

தெய்வநாயகி பானையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அடிப் பாவி" என்றாள். "எங்கூர்ல கொசவன் பொழப்பு இல்லாம பட்டணத்துப் பக்கம் போய்ட்டாண்டி. சூளை எரிஞ்சி ஒரு வருசம் ஆவுது. என்னாண்ட இருந்த பானை பூரா ஒன் வூட்டுப் பின்னால கவுந்து கெடக்குது. நான் கேவுர எதுல அனுப்புவேன்? என் தலைலயா?"

முன்பக்கத்திலிருந்து நாகப்பன் சிரிக்கிற சத்தம் கேட்டது. சுவர் கீற்றுச் சுவர். எல்லாம் அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"வாய மூடுடா!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"நீ வெறும் பானைய அனுப்பிச்சிருந்தா நான் ரொப்பி அனுப்பிச்சிருப்பேன்" என்றாள் தெய்வநாயகி, குரல் இறங்கி. "ஒண்ணும் வரலன்னதும் எங்க வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? மீன் புடிக்கிறவங்களுக்கு ரோசம் ஜாஸ்தி, நம்ம கேவுரு எளப்பமா பூட்ச்சி போலக்கீதுன்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சி. இன்னைக்குக் கேட்டுட்டே வந்துடறதுன்னு கெளம்பிட்டேன்."

இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். பழைய புடவைத் துணியில் கட்டிய கேழ்வரகு.

"கோவமா வந்தவ இத எதுக்குக்கா எடுத்துக்கினு வந்த?"

"அதுக்குனு வெறுங்கையோட ஒரு வூட்டுக்கு வர்றதா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முனியம்மாவின் தோளில் ஒரு அடி வைத்தாள்.

ஏந்திரத்தை வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியில் கைபோட்டுத் திரித்தார்கள். கல் சுற்றச் சுற்ற மாவு கருஞ்சிவப்பாக ஓரத்தில் உதிர்ந்தது. அம்மணி நண்டோடு வந்தாள். மாவைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டு அடுப்புக்கு ஓடினாள். பன்னிரண்டு வயசுப் பெண். ஓட்டத்தில் கால் கொஞ்சம் பின்னிற்று. அதைத் தெய்வநாயகி பார்த்தாள், தேசப்பனும் பார்த்தான்.

மூட்டையைப் பற்றி அதற்குள் தெய்வநாயகியிடம் நாகப்பன் எல்லாம் சொல்லிவிட்டிருந்தான். களி கிளறி, நண்டை இடித்துப் புளியும் மிளகாயும் விட்டுச் சாறு வைத்தார்கள். துளசிங்கம், தாம் கரையில் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். "இன்னா சாப்ட்டீங்க?" என்று முனியம்மா கேட்டதும் ஓலையைத் தள்ளிவைத்துக் கையைக் கழுவினார். அவருக்கும் ஒரு உருண்டை வந்தது.

"முனிம்மா, என் பெரியவன் பொறந்தப்போ ஒனக்கு ஞாபகம் கீதா?" என்றாள் தெய்வநாயகி, சாறில் களியைத் தோய்த்துக்கொண்டே.

"கீது. ஐப்பசி மாசம். ஒரே மழ."

"எனக்குப் பாலே சொரக்கல. புள்ள கத்திக் கத்தி நீலம் பூத்துடுச்சி. நீ அந்த மழைல தோணி ஏறி பால்சுறா கொண்டாந்த. தெனம் கொண்டாந்த. ஒரு நாளு காத்து அடிச்சி தோணி கவுந்துடுச்சின்னு ஈரப் புடவையோட வந்து நின்ன. சுறாவ மட்டும் உடல கைலேருந்து."

முனியம்மா யோசித்தாள். "நானா? தோணி கவுந்துச்சா?"

"நெனப்பு இல்லியா?"

"இல்லியேக்கா. எத்தினியோ வாட்டி கவுந்திருக்குது, எதுன்னு நெனப்பு வச்சிக்கறது?"

"நீ மறந்துட்ட" என்றாள் தெய்வநாயகி. "எனக்கு அவன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் ஞாபகம் வருது. அவனுக்கு இப்ப மீச மொளைக்குது. நான் அனுப்பிச்சது ரவ கேவுரு. அதுக்குப் பானையத் தேச்சி வச்சிக்கினு அழுதுக்கினு கீறா!"

தேசப்பன் கையிலிருந்த உருண்டையைத் தின்னாமல் வைத்திருந்தான். "கொடுத்தது கணக்கு இல்ல அண்ணி. வாங்கறது கஷ்டமா கீது. இப்டியே வாங்கிக்கினே இருக்க என்னால ஆவாது."

"கப்பல் எங்க போவுது?"

"பத்தாவிக்கு."

"அங்க யாராண்ட வேலை?"

"தெரியாது. எறக்குனப்பறம் சொல்லுவாங்களாம்."

"யாருன்னே தெரியாதவனுக்கு அஞ்சி வருசம் ஒழைப்ப. எங்க வூட்டுக்காரருக்கு நாலு வாரம் தூரு வாரமாட்ட?"

தேசப்பன் நிமிர்ந்தான்.

"எங்கூர்க் கொளம் காஞ்சி வெடிச்சிக் கெடக்குது. மழைக்கு முன்னாடி தூரு வாரினாத்தான் அடுத்த வருசம் நெல்லு. பாதி ஆளு ஊர உட்டுப் போய்ட்டான், மம்முட்டி புடிக்க ஆளு இல்ல. ஊர்க் களஞ்சியத்துலேருந்து தெனத்துக்கு ஆளுக்குக் கேவுரு அளக்கறாங்க. ஒன்னக் கூப்டணும்னுதான் அவரு இருந்தாரு. பானை வரலியே, ஒறவ அறுத்துக்கினாங்கன்னு உட்டுட்டாரு."

"நான் தண்ணில நிக்கறவன் அண்ணி. மண்ணு வெட்டி பயக்கம் இல்ல."

"மாமா," என்றான் நாகப்பன், "மொகத்துவாரம் அடைச்சிக்கினா வெட்டித் தொறக்கறது யாரு? மீன் பொறுக்க வந்த கொக்கா? ஒவ்வொரு வாட்டியும் மொத மம்முட்டி நீதானே போடற?"

"நீ மூட்டை மேல குந்தறதப் பாரு" என்றான் தேசப்பன். ஆனால் குரலில் கடுப்பு இல்லை. கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு நிதானமாகத் தின்றான். கையைக் கழுவினான். பிறகு எழுந்து பின்பக்கம் போனான்.

பானைகளை இரண்டு இரண்டாக எடுத்துவந்து வாசலில் வைத்தான். அவன் வைக்க வைக்க முனியம்மாவுக்கு மனசு தாளவில்லை. ஏரியோரம் சுரண்டிவைத்த உப்பு ஒரு கொட்டாங்கச்சியில் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முதல் பானைக்குள் போட்டாள். தெய்வநாயகி அந்தப் பானையை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். உப்பு மணலில் விழுந்தது.

"ஒண்ணும் போடாத. வெறுமையா குடு."

"அக்கா, உப்பாச்சும்..."

"வெறுமையா குடுடி."

முனியம்மா கணவனைப் பார்த்தாள். தேசப்பன் அந்த வெறும் பானையைத் தெய்வநாயகியிடமிருந்து வாங்கினான். உள்ளே ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் அவளிடமே நீட்டினான். எட்டு வயசிலிருந்து கடல் பார்த்தவன். ஒரு காலிப் பானையை நீட்டுவதற்கு நெற்றியில் வியர்த்தது.

"வாங்கிக்குங்க அண்ணி" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

துளசிங்கம் தொண்டையைக் கனைத்தார். "பொழுது இறங்குது. ஓலை எழுதணுமே. என்ன ஓலைன்னு சொல்லுங்க, எழுதிடறேன்."

"மூட்டையத் திருப்பற ஓலை" என்றான் தேசப்பன்.

முனியம்மா மடமடவென்று உள்ளே போய், ஒன்றும் எடுக்காமல், அப்படியே திரும்பி வந்தாள்.

துளசிங்கம் நாகப்பனை எழுப்பிவிட்டு மூட்டையைச் சுற்றிப் பார்த்தார். அரக்கைக் கட்டைவிரலால் தடவினார். தையலை நூல் நூலாக எண்ணுவதுபோலப் பார்த்தார். "முழுசா இருக்கு. தரகர் வாயைத் திறக்க முடியாது. ஆனா காரணம் எழுதாம ஓலையை வாங்க மாட்டார். நோவு, சாவு, கல்யாணம்னு மூணுல ஒண்ணு போடறது வழக்கம். எது போடட்டும்?"

"நோவு போடுங்க" என்றான் நாகப்பன்.

"நல்லா கீற மனுசனுக்கு நோவுனு எழுதுவியா? ஒன் வாயில மண்ண போட!" என்றாள் முனியம்மா.

"அப்போ கல்யாணம்? எனக்குப் பண்ணி வச்சிடு, பொய்யாவாது."

தேசப்பன் சிரித்துவிட்டான். பல நாளைக்குப் பிறகு அவன் பல் தெரிந்தது. "ஓலைக்காரரே, வூட்ல சோறு கீதுனு எழுதுங்க."

துளசிங்கம் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். களிப்பானையை அம்மணி விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். "அதுதான் ஆயிடுச்சேப்பா" என்றார்.

"நாளைக்கு விடிஞ்சா வேலைக்குப் போறேன். கீதுனே எழுதுங்க."

எழுத்தாணி ஓலையில் கீறத் தொடங்கியது. துளசிங்கம் எழுதும்போது பேச மாட்டார். ஒரு வரி முடிந்ததும் மட்டும் வாய்விட்டுப் படிப்பார்.

"பசியாவரம் தேசப்பன் எழுதிக்கொண்டது. தாங்கள் அமாவாசையன்று என் வீட்டில் இறக்கிய அரிசி மூட்டையை, தைத்தது தைத்தபடி, அரக்கு உடையாமல், இந்த ஓலையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் சோறு இருக்கிறபடியால் கப்பலுக்கு வரவில்லை." எழுத்தாணியை எடுத்தார். "வேற?"

"அவருக்கு நன்றினு ஒரு வரி போடுங்க."

"தரகனுக்கா?" என்றாள் தெய்வநாயகி.

"ஆமா அண்ணி. மூட்டை வூட்ல கீதுன்ற தைரியத்துலதான் இத்தினி நாளு நான் கண்ண மூடினேன். வேற வழி இல்லாமப் போனா புள்ள பட்டினி கெடக்காதுன்னு. அவரு எதுக்குக் குடுத்தாரோ அது அவரு பாடு. நான் தூங்கினது நெசம்தானே? எழுதுங்க."

துளசிங்கம் எழுதினார், அந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஓலையின் அடியில் தேசப்பன் தன் குறியைக் கீறினான், தோணியின் வளைவு மாதிரி ஒரு கோடு. எழுத்துத் தெரிவதற்காகத் துளசிங்கம் கரித்தூளைத் தடவித் துடைத்தார். ஓலையைச் சுருட்டி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார். அம்மணி கொண்டுவந்த கொள்ளியில் அரக்குக் குச்சியை உருக்கி முடிச்சின் மேல் சொட்டவிட்டு, தன் முத்திரை மோதிரத்தை அதன் மேல் அழுத்தினார். ஆறும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூட்டையை நாகப்பனும் தேசப்பனும் தூக்கிப்போய்த் தோணியில் வைத்தார்கள். பானைகள் அதைச் சுற்றி வைக்கோல் அடைத்து வைக்கப்பட்டன. தெய்வநாயகி ஏறினாள். துளசிங்கம் ஏறினார். ஆள் கனத்தில் தோணி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நாகப்பன் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தான்; அசையவில்லை.

தேசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். பின்பக்கம் தோள்கொடுத்துத் தள்ளினான். தோணி ஒரு முழம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. கணுக்கால் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது.

"போதும் மாமா, மெதக்குது!" என்றான் நாகப்பன்.

"இன்னும் ரவ தள்றேன். ஓலைக்காரரே, ஓலைய மேல தூக்கிப் புடிங்க, நனையப் போவுது!"

துளசிங்கம் அதை இரண்டு விரலால் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். மார்பளவு தண்ணீர் வந்ததும் தேசப்பன் கையை எடுத்தான். தோணி தானாகவே கோட்டைப் பக்கம் திரும்பிற்று.